கடைசிக் காசு போனால் யாருக்கு நட்டம்?

சல்லிக்காசுக்குப் பெறாது, ஒரு தம்பிடி தர மாட்டேன், காலணா தேறாது என்று இன்றைக்கும் திட்டுகிறோம். சல்லி, தம்பிடி, காலணா மூன்றுமே புழக்கத்தை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, வசவில் மட்டும் இன்னும் செல்லுபடியாகின்றன. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் அதன் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கும் காசுக்கு ஒருநாள் இந்தக் கதிதான். விலைவாசி ஏற ஏற அந்தக் காசால் தனியாக எதையும் வாங்க முடியாமல் போகும், அப்புறம் மீதிச் சில்லறை கொடுக்க மட்டும் பயன்படும், அப்புறம் அதை வாங்கிக்கொள்ளவும் யாரும் கை நீட்ட மாட்டார்கள். அது தானாகச் செத்துப் போகும்வரை சும்மா இருப்பதா, இல்லை அரசே நாள் குறித்து அச்சடிப்பை நிறுத்திவிட்டு, ரொக்கமாகக் கொடுக்கும் தொகையை மட்டும் பக்கத்தில் இருக்கும் முழுத்தொகைக்கு ரவுண்டு செய்யச் சொல்வதா என்பதுதான் கேள்வி.

நான் நிறுத்தலாம் என்கிற கட்சி. ஆனால் நிறுத்தச் சொல்பவர்கள் எடுத்த எடுப்பில் சொல்லும் காரணம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் அந்தக் காரணம். அமெரிக்காவில் 2024 நிதியாண்டில் ஒரு சென்ட் காசைச் செய்து அனுப்ப 3.69 சென்ட் செலவானது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 320 கோடி காசுகள் செய்தார்கள், நட்டம் 8.53 கோடி டாலர். கனடாவில் கடைசிக் காலத்தில் ஒரு சென்ட் செய்ய 1.6 சென்ட். யூரோ நாடுகள் 1 சென்ட், 2 சென்ட் காசுகளால் 2002 முதல் கிட்டத்தட்ட 140 கோடி யூரோ இழந்திருப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2013-இல் கணக்குச் சொன்னது. மலிவான உலோகத்துக்கு மாறிப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். 1982 வரை அமெரிக்கச் சென்டில் 95 விழுக்காடு செம்பு. அந்த ஆண்டின் நடுவில் மாற்றி, துத்தநாகத்தின் மேல் செம்பு முலாம் பூச ஆரம்பித்தார்கள், இப்போது செம்பு 2.5 விழுக்காடுதான். புதுக்காசு ஒன்றின் ஓரத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சிவப்புத் தோல் கழன்று உள்ளே சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். அப்படிச் செய்தும் கட்டுப்படியாகவில்லை.

சரி, செலவு அதிகம். அதனால் என்ன? காசு என்பது ஒருமுறை தின்று தீர்க்கும் பண்டம் இல்லை. எடைக்கல்லை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதற்கும் அது எத்தனை கிலோ நிறுத்துத் தருகிறது என்பதற்கும் சம்பந்தம் உண்டா? ஒரு காசு முப்பது வருடம் ஊர் சுற்றி, ஆயிரம் கை மாறி, ஆயிரம் கொடுக்கல் வாங்கலை முடித்துவைத்தால், அதைச் செய்ய அதன் முகமதிப்பைப் போல நாலு மடங்கு செலவானாலும் லாபம்தான். முகமதிப்பு என்றால் காசின் முகத்தில் எழுதியிருக்கும் மதிப்பு, உலோகத்தின் மதிப்பு வேறு. ஆகவே பார்க்கவேண்டிய கேள்வி, செய்ய எவ்வளவு ஆகிறது என்பதைவிட, செய்த காசு சுற்றுகிறதா என்பதுதான்.

சுற்றுவதில்லை. பிரிட்டன் நிதியமைச்சகம் 2018-இல் இதைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டபோது ஒரு தகவலை வெளியிட்டது: 1 பென்னி, 2 பென்னி காசுகளில் பத்தில் ஆறு, ஒரே ஒருமுறைதான் பயன்படுகின்றன. அதன்பின் ஜாடிக்குள் போகின்றன, அல்லது சோபா இடுக்கில் விழுகின்றன, நூற்றில் எட்டு நேராகக் குப்பைத்தொட்டிக்கே போகின்றன. அமெரிக்காவில் புழக்கத்தில் இருப்பதாகக் கணக்கிடப்படும் ஒரு சென்ட் காசுகள் சுமார் 30,000 கோடி, அதாவது தலைக்கு ஏறக்குறைய 900. அத்தனை இருந்தும் ஆண்டுக்கு 320 கோடி புதிதாகச் செய்யவேண்டியிருந்தது, ஏனென்றால் கடைக்காரர் மீதியாகக் கொடுப்பார், வாங்கியவர் திரும்பக் கொண்டுவர மாட்டார், கடைக்காரர் மறுபடி வங்கியிடம் கேட்பார், வங்கி நாணயச்சாலையிடம் கேட்கும். நாணயச்சாலையிலிருந்து ஜாடிக்கு ஒருவழிப் பாதை. எடைக்கல் நிறுப்பதை நிறுத்திவிட்டது, நாம் வாராவாரம் புது எடைக்கல் வாங்கிக்கொண்டிருக்கிறோம். காசை நிறுத்தவேண்டும் என்பதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் காரணம்.

இனி எல்லோருக்கும் பயம் வரும் இடம்: ரவுண்டு செய்தால் கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட மாட்டாரா?

முதலில் எது ரவுண்டு ஆகிறது, எது ஆகவில்லை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பயம் இங்கேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு பொருளின் விலையும் ரவுண்டு ஆவதில்லை. பொருள்களின் விலையைக் கூட்டி, வரியையும் சேர்த்து, கடைசியில் வரும் மொத்தத் தொகை ஒன்றுதான் ரவுண்டு ஆகிறது, அதுவும் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும். அட்டையிலோ ஃபோனிலோ கொடுத்தால் கடைசிச் சென்ட் வரை அப்படியேதான். காசு போனால் சென்ட் என்ற கணக்கே போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு இருக்கும், உலோகத் துண்டுதான் இருக்காது.

விதி எளிது. ஒரு சென்ட் காசு இல்லை, மிகச்சிறியது 5 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1, 2 என்று முடிந்தால் கீழே 0-க்கு இறங்கும். 3, 4 என்றால் மேலே 5-க்கு ஏறும். 6, 7 என்றால் கீழே 5-க்கு. 8, 9 என்றால் மேலே 10-க்கு. 0, 5 இரண்டும் அசையாது. பத்து கடைசி இலக்கங்களில் நாலு உங்களுக்குச் சாதகம், நாலு கடைக்குச் சாதகம், இரண்டு யாருக்கும் இல்லை. ஏறுவதையும் இறங்குவதையும் கூட்டிப் பாருங்கள், சுழியம் வரும்.

இங்கே கெட்டிக்கார வாசகர் குறுக்கிடுவார்: கடைசி இலக்கம் எல்லாம் சமமாகவா வருகிறது? விலைச்சீட்டைப் பார், எல்லாம் 99 என்றல்லவா முடிகிறது! 9 என்றால் மேலே ஏறும், அப்போது கடைக்குத்தானே லாபம்?

நல்ல கேள்வி, இதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். எல்லாப் பொருளும் 99 சென்ட் என்றே இருக்கட்டும், வரியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஒரு பொருள் வாங்கினால் 99, ஒரு டாலர் கொடுக்கிறீர்கள், உங்களுக்கு 1 சென்ட் நட்டம். இரண்டு வாங்கினால் 1.98, இரண்டு டாலர் ஆகும், 2 சென்ட் நட்டம். மூன்று வாங்கினால் 2.97, அது 2.95-க்கு இறங்கும், 2 சென்ட் உங்களுக்கு லாபம். நாலு என்றால் 3.96, 3.95-க்கு இறங்கும், 1 சென்ட் லாபம். ஐந்து என்றால் 4.95, அசையாது. ஆறிலிருந்து பத்து வரை இதே தாளம் திரும்ப வரும்: ஒன்று நட்டம், இரண்டு நட்டம், இரண்டு லாபம், ஒன்று லாபம், சுழியம். அதாவது கடைக்காரர் 9-ஐ எவ்வளவு பிடித்துத் தொங்கினாலும், நீங்கள் எத்தனை எடுக்கிறீர்கள் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது, அவர் போட்ட கணக்கை உங்கள் கூடை கலைத்துவிடும். வரி விழுக்காட்டில் வந்து சேரும்போது இன்னும் கலையும்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஒன்றோ இரண்டோ மட்டும் வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர், அந்த இரண்டு இடத்திலும் கணக்கு அவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. கனடாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி பல்லாயிரம் மளிகை விலைகளைத் தொகுத்து இதைக் கணக்கிட்டார். ரவுண்டு செய்வதால் நாட்டின் மளிகைக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 32.7 லட்சம் கனடிய டாலர் கூடுதலாகப் பெறுகின்றன என்பது 2017-இல் அவர் கண்ட முடிவு. நாடு முழுவதற்கும் இது ஒன்றுமே இல்லாத தொகை என்றாலும், சுழியம் என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வந்த விடைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2001-இல் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ரவுண்டு செய்தால் நுகர்வோருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60 கோடி டாலர் போகும் என்றார். 2007-இல் இன்னொரு பேராசிரியர் ஒரு கடைத்தொடரின் சுமார் 2 லட்சம் உண்மையான பில்களை எடுத்துப் பார்த்து, வாடிக்கையாளருக்கு நாற்பது பில்லுக்கு ஒரு சென்ட் போல லாபம்தான் வரும் என்றார். 2025-இல் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் கிளைகளில் ஒன்றான ரிச்மண்ட் ஃபெடரல் ரிசர்வ் வங்கி போட்ட மதிப்பீடு ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் அளவு நட்டம். முதலாவது, ஒரு கடையின் விலைப்பட்டியலை வைத்துப் பில் எப்படி இருக்கும் என்று ஊகித்தது. இரண்டாவது, பில்லையே பார்த்தது. கிழிந்த துணியை அளக்க வேண்டுமென்றால் துணியைத்தானே அளக்கவேண்டும், ஆகவே எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை. மேலும், அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் தினம் மூன்று முறை ரொக்கம் கொடுக்கிறார், மூன்று முறையும் துரதிர்ஷ்டம், 2 சென்ட் நட்டம். அப்படியே ஒரு வருடம் முழுக்க நடந்தால் 22 டாலருக்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் அப்படி நடக்காது.

கடைக்காரர் தந்திரம் செய்தால்? 2 சென்ட் ஏறட்டும் என்று 99-ஐ 98 ஆக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் கொடுப்பவரிடம் அவருக்குக் கிடைப்பது அதே ஒரு டாலர், 99-இலும் அதுதான் கிடைத்தது. அட்டை கொடுப்பவரிடம் ஒரு சென்ட் இழந்தார். தந்திரம் தன் காலையே வாரிவிட்டது. மாறாக, தந்திரம் செய்ய வசதி உங்களிடம்தான் இருக்கிறது: பில் 1, 2, 6, 7 என்று முடிந்தால் ரொக்கம், 3, 4, 8, 9 என்றால் அட்டை. இதைச் செய்து வருடத்துக்கு ஓரிரு வேளைச் சாப்பாட்டுக் காசு மிச்சம் பிடிக்கலாம், வரிசையில் பின்னால் நிற்பவர் உங்களை முறைப்பது இலவசம்.

அட்டை கையில் இல்லாதவர் இதைச் செய்ய முடியாது என்பது மட்டும் நியாயமான மனத்தாங்கல். ரொக்கத்திலேயே வாழ்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்களும் வயதானவர்களும்தான், ஆக ரவுண்டு செய்வதன் சுமை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அவர்கள் பக்கம்தான் சாயும். அதற்காகக் காசை வைத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ரொக்கத்தை எப்போதும் கீழ்நோக்கியே ரவுண்டு செய் என்று சட்டம் போட்டாலே போதும், கடைக்குப் பெரிய இழப்பு இல்லை.

5-க்கு ரவுண்டு செய்வதில் ஓர் அழகு உண்டு, சட்டென்று கண்ணில் படாது. சரிபாதியில் நிற்கும் இலக்கமே அதில் இல்லை, 2 கீழே, 3 மேலே, சந்தேகமில்லை. 10-க்கு ரவுண்டு செய்ய ஆரம்பித்தால் 5 நட்டநடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் என்று கேட்கும். நியூசிலாந்து 1990-இல் 1, 2 சென்ட் காசுகளை நீக்கியது, 2006-இல் 5 சென்டையும் நீக்கியது, அப்போது இந்தச் சிக்கல் வந்தது. 5-இல் முடியும் தொகையை என்ன செய்வது என்பதைக் கடைக்காரரிடமே விட்டார்கள், பெரும்பாலான கடைகள் கீழேதான் இறக்குகின்றன. எப்போதும் மேலே ஏற்று என்று விதி இருந்தால், பத்து பில்லுக்கு 5 சென்ட் கடைப் பக்கம் ஒதுங்கிவிடும். இவ்வளவு பொடி விஷயம்தான், ஆனால் ரவுண்டு செய்வது நியாயமா இல்லையா என்பது இந்த மாதிரிப் பொடி விஷயத்தில்தான் இருக்கிறது.

முன்னோடி ஸ்வீடன். 1972-லேயே 1, 2 ஓரே காசுகளை (நூறு ஓரே சேர்ந்தால் ஒரு குரோனா) விட்டார்கள், அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த முறைக்கு ஸ்வீடிஷ் ரவுண்டிங் என்றே பெயர். 2010-இல் ஸ்வீடன் 50 ஓரேயையும் விட்டுவிட்டு, மிகச்சிறிய காசே ஒரு குரோனா என்று ஆக்கிக்கொண்டது. ஆஸ்திரேலியா 1992-இல் 1, 2 சென்டைத் திரும்பப் பெற ஆரம்பித்தது, மலேசியா 2008 ஏப்ரலில் பில்லை 5 சென்னுக்கு (நூறு சென் ஒரு ரிங்கிட்) ரவுண்டு செய்ய ஆரம்பித்தது. யூரோ நாடுகளில் பின்லாந்து முதல் நாளிலிருந்தே 1, 2 சென்டைத் தொடவில்லை, நெதர்லாந்து 2004, அயர்லாந்து 2015, பெல்ஜியம் 2019 என்று மற்றவை ஒவ்வொன்றாக ரவுண்டு செய்யும் பக்கம் வந்தன. எல்லா இடத்திலும் இது நடந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்து 5 ராப்பன் காசை (நூறு ராப்பன் ஒரு ஃபிராங்க்) நிறுத்தப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதால் 2006-இல் பின்வாங்கியது. பிரிட்டன் அத்தனை புள்ளிவிவரத்தையும் கையில் வைத்துக்கொண்டே 2019-இல் பென்னி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. காசின் மேல் மக்களுக்கு இருப்பது கணக்கு அல்ல, ஒட்டுதல். அதை நான் கேலி செய்யமாட்டேன்.

எப்படிச் செய்யவேண்டும், எப்படிச் செய்யக்கூடாது என்பதற்குக் கனடாவும் அமெரிக்காவும் பக்கத்துப் பக்கத்து வீட்டு உதாரணங்கள். கனடா 2012 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. மே 4 அன்று வின்னிபெக் நாணயச்சாலையில் கடைசிக் காசு விழுந்தது. கடைகளுக்குக் காசு அனுப்புவது நின்றது 2013 பிப்ரவரி 4 அன்று. நடுவில் இருந்த மாதங்களில் ரவுண்டு செய்யும் விதியை அரசு வெளியிட்டது, கடைகள் பழகிக்கொண்டன, மக்கள் ஓரிரு வாரம் முணுமுணுத்துவிட்டு மறந்துவிட்டார்கள். 99 என்று முடியும் விலைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் காசு செய்வதை நிறுத்தச் சொன்னார், நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட் அச்சானது, 1793-இல் ஆரம்பித்த கதை அன்றோடு முடிந்தது. முடிவு சரி, முறைதான் தப்பு. ரவுண்டு எப்படிச் செய்யவேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்றும் அப்போது இல்லை. கடைகளில் காசுக்குத் தட்டுப்பாடு வர ஆரம்பித்தபோது சில கடைகள் சரியான சில்லறை கொண்டுவாருங்கள் என்று எழுதி ஒட்டின, சில கடைகள் வம்பே வேண்டாம் என்று எல்லாத் தொகையையும் கீழே இறக்கி நட்டத்தைத் தாங்களே ஏற்றன. அரசின் உணவு உதவி அட்டையில் வாங்குபவரையும் மற்றவரையும் வேறுபடுத்தக்கூடாது என்று விதி வேறு இருக்கிறது, ரொக்கம் கொடுப்பவருக்கு மட்டும் இறக்கினால் அந்த விதி இடிக்குமோ என்று கடைக்காரர்கள் விழித்தார்கள். கனடா எழுதி ஒட்டிய பத்து வரி விதியை முதலிலேயே எழுதியிருந்தால் இது ஒன்றும் வந்திருக்காது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரு சென்ட் போனதும் 5 சென்ட் காசுக்குத் தேவை கூடலாம், அதைச் செய்ய 2024-இல் ஆன செலவோ 13.78 சென்ட், அதாவது காசுக்கு 8.78 சென்ட் நட்டம். ஆண்டுக்கு 100 கோடி 5 சென்ட் காசுகள் கூடுதலாகச் செய்யவேண்டி வந்தால், ஒரு சென்டை நிறுத்தி மிச்சம் பிடித்தது முழுக்க அங்கே போய்விடும். அதனால் சிலர் இரண்டையுமே நிறுத்திவிட்டு 10-க்கு ரவுண்டு செய்யலாம் என்கிறார்கள், அப்போது மேலே சொன்ன நட்டநடு 5 வந்து நிற்கும். மிச்சம் பிடிப்பதற்காக நிறுத்துகிறோம் என்று சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், சுற்றாத காசை ஏன் செய்யவேண்டும் என்று கேட்டால் இந்தச் சிக்கலே கிடையாது.

கடைசியாக, வீட்டில் ஜாடியில் கிடப்பதை என்ன செய்வது? அச்சடிப்பதை நிறுத்துவது வேறு, செல்லாக்காசு ஆக்குவது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கனடாவின் சென்டும் அமெரிக்காவின் சென்டும் யூரோவின் 1, 2 சென்டும் இன்றும் செல்லும், புதிதாக வராது அல்லது குறைவாக வரும், அவ்வளவுதான். இந்தியா வேறு வழியில் போனது: 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று நாள் குறித்து அறிவித்தது, அதற்குள் வங்கியில் மாற்றிக்கொள்ளாதவர்களிடம் இருப்பது இப்போது உலோகம் மட்டும். உங்கள் நாட்டில் அறிவிப்பு வந்தால் அதில் எந்தச் சொல் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் வகை என்றால் அவசரமே இல்லை.

திரும்பி வந்த காசு என்னவாகும் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிடம் ஒரு பதில் இருக்கிறது. அவர்களுடைய 1, 2 சென்ட் காசுகள் வெண்கலம். உருக்கி, 2000 சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கம் செய்தார்கள். கீழே கிடந்தால் யாரும் குனிந்து எடுக்காத காசுக்காக உலகம் முழுக்கப் பயிற்சி எடுத்து வந்து ஓடினார்கள், என்ன ஒன்று, முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிடித்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.